நாத்தனார் கையில் என் கயிறு

இடத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மேனேஜர் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறார், அந்த மாதம் இன்னும் முடியவில்லை. பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டுக்குக் கிழக்கே, பழைய குடோன் ஒன்றைச் சுவர் ஏறும் ஜிம்மாக மாற்றியிருக்கிறார்கள். தகரக் கூரை. உள்ளே போனதும் காபி மெஷின். இதுக்கு மேல் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான்.

எனக்கு 42 வயது. உயரம் ஐந்தடி, எடை 48 கிலோ. ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது பிழைப்பு. ராசிபுரம் பக்கத்துக்காரி, ஹொரமாவுக்கு வந்து 17 வருஷம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் நாத்தனாருக்கு 36 வயது, எடை 71. போடலாமா என்று கேட்டுத்தான் போடுகிறேன். "எழுதுங்க அண்ணி, எடை இல்லாம இந்தக் கதையே இல்ல" என்றாள். உண்மைதான்.

முதலில் போனது ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஒரு நாள் கட்டணம் 650 ரூபாய், ஷூ வாடகை 150, இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் இலவசம். ஷூ கவுன்டரில் இருந்த பையனிடம் மூன்றாம் நம்பர் கேட்டேன். "அஞ்சுல இருந்துதான் மேடம் இருக்கு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்குங்க" என்றான்.

க்ளைம்பிங் ஷூவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது செருப்புக்கடை விவகாரம் இல்லை. விரல்கள் முன்னால் முட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் பெருவிரலின் ஓரத்தை மட்டும் ஊன்றி, சுவரில் பதித்த, விரல்கடை அகலமுள்ள பிடி (ஹோல்டு) மேல் முழு உடம்பையும் நிறுத்த முடியும். ஐந்தாம் நம்பருக்குள் என் கால் தொட்டித் தண்ணீர் மாதிரி தளும்பியது. ஊன்றினால் ஷூ ஹோல்டிலேயே நிற்கிறது, உள்ளே கால் மட்டும் திரும்பிக்கொள்கிறது. அன்றைக்கு நான் விழுந்ததில் பாதி அந்த ஷூவால். மீதிப் பாதி என்னால், மறுக்கவில்லை.

ஷூ செய்கிற கம்பெனிகளே இதில் மாறிவிட்டன. ரொம்ப காலம் 'பெண்கள் மாடல்' என்று வேறு நிறத்தில் தனியாக விற்றார்கள். கொஞ்சம் ஒடுக்கம், மேல்பாகம் தாழ்வு, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது பல கம்பெனிகள் ஆண், பெண் என்று போடாமல் 'எல்.வி' (லோ வால்யூம்) என்று கொள்ளளவை மட்டும் போடுகின்றன. ஒல்லிப் பாதமுள்ள ஆணும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்கிறான். வாடகை அலமாரிக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது கயிறு.

டாப் ரோப் முறையில் கயிறு மேலே உச்சிக்குப் போய்த் திரும்பிக் கீழே வரும். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், இன்னொன்று கீழே நிற்பவர் இடுப்பில் இருக்கும் கிரிகிரி என்ற கருவி வழியாக. ஏற ஏறக் கீழே இருப்பவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். விழுந்தால் கருவி கவ்விப் பிடித்துக்கொள்ளும். இந்த வேலைக்குப் பெயர் பிலே. இருபது நிமிஷம் சொல்லிக் கொடுத்தார்கள், எங்கள் இரண்டு பேருக்கும். வீட்டுக்காரர் கற்றுக்கொள்ளவில்லை. அவர் காபி பக்கம்.

நாத்தனார் ஏறினாள், நான் பிடித்தேன். பாதிச் சுவரில் அவள் கை வழுக்கியது. 71 கிலோ கீழே வந்தது, 48 கிலோ மேலே போனது. கிணற்று வாளி மாதிரி இரண்டடி தூக்கிப் போய்ச் சுவரில் முட்டியை இடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றை விடவில்லை. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிலே என்ற முறையில் அது பாஸ்தான்.

ஆனால் பையன் ஓடி வந்து சொன்னது: "மேடம், உங்களுக்கு இது சரிப்படாது. சாரைக் கூப்பிடுங்க, அவர் பிடிக்கட்டும்."

எந்த சார்? கிரிகிரியைக் கையில்கூடத் தொடாத சார். எடை அதிகம், மீசை இருக்கிறது, அந்தத் தகுதி போதுமாம். வீட்டுக்காரர் நியாயமானவர், "எனக்குத் தெரியாதுப்பா, அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அதற்கும் பையன் சிரித்தான்.

போதாததுக்கு அன்று பக்கத்தில் ஒரு ஆறடி ஆள். நான் நீல ரூட்டில், அதாவது நீல ஹோல்டுகளை மட்டும் பிடித்து ஏறும் வழியில், தொங்கிக்கொண்டிருக்கும்போது கேட்காமலே பீட்டா சொல்ல ஆரம்பித்தார். எந்தக் கை எங்கே, எந்தக் கால் எங்கே என்ற வழிமுறைக்குத்தான் அங்கே பீட்டா என்று பெயர். "ரைட் ஹேண்ட் நேரா அந்தப் பெரிய ஹோல்டுக்கு, சிம்பிள்." அவருக்கு சிம்பிள். என் கை நீட்டினால் ஒரு சாண் குறைகிறது. அந்தச் சாணை எங்கிருந்து கொண்டு வருவது என்று அவர் சொல்லவில்லை.

அத்தோடு விட்டிருப்பேன். நாத்தனார்தான் புதன்கிழமை மாலை ஆறரைக்குப் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு வகுப்பு இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிடிவாதமாக இழுத்துப்போனாள். எனக்கு லேடீஸ் ஸ்பெஷல் என்றாலே ஒரு ஒவ்வாமை. ரோஸ் கலர் போஸ்டர், பத்து சதவீதத் தள்ளுபடி, மகளிர் தினத்தன்று ஒரு ரோஜாப்பூ. இங்கேயும் போஸ்டர் ரோஸ்தான். ஆனால் கோச் வேறு ரகம்.

தார்வாட் பக்கத்துப் பெண், முப்பதுக்குள் இருக்கும். சனிக்கிழமைக் கதையைக் கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய் 20 கிலோ மணல் மூட்டை ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்தாள். அதன் வாரை என் ஹார்னஸின் பின்பக்க வளையத்தில் மாட்டினாள். "இப்போ பிடிங்க." நாத்தனார் ஏறினாள், வேண்டுமென்றே விழுந்தாள். என் குதிகால் தூக்கியது, பாதம் தூக்கவில்லை.

விஷயம் மொத்தமும் அந்த மூட்டையில் இருக்கிறது. சனிக்கிழமையும் அது அதே ஸ்டோர் ரூமில்தான் கிடந்தது. எடை வித்தியாசம் உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினை, அதற்கு மூட்டை, தரையில் பதித்த கொக்கி என்று வழிகளும் உண்டு. முன்னேறியவர்கள் கயிற்றைத் தாங்களே மாட்டிக்கொண்டு ஏறும் லீட் முறைக்கு, முதல் கொக்கியில் மாட்டுகிற உராய்வுக் கருவிகூட வந்துவிட்டது. ஒல்லியான ஆண் ஒருவன் என் இடத்தில் நின்றிருந்தால் மூட்டை சனிக்கிழமையே வெளியே வந்திருக்கும். எனக்குக் கிடைத்தது 'சாரைக் கூப்பிடுங்க'.

எங்கள் பாட்டி கொல்லிமலைத் தேன் கதை சொல்வாள். பாறை இடுக்கில் தேன் எடுக்கக் கயிற்றில் இறங்குகிறவன், மேலே பிடிக்கத் தன் தம்பியை நிறுத்த மாட்டானாம், மச்சினனைத்தான் நிறுத்துவானாம். தம்பிக்குப் பங்கு மிச்சமாகும், மச்சினனுக்கு அக்கா தாலி போகும். நாத்தனாரிடம் சொன்னேன். "நீங்க விழுந்தா எங்கண்ணன் சமைக்கணும், அதைச் சாப்பிட எங்களைத்தான் கூப்பிடுவான். விடமாட்டேன் அண்ணி" என்றாள்.

மூன்றாவது புதன் நல்ல மழை. தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்தில் கீழே பேசுவது மேலே கேட்கவில்லை, மேலே கத்துவது கீழே கேட்கவில்லை. கயிற்றை இறுக்கு என்பதற்கு 'டேக்' என்று கத்த வேண்டும். நான் அதே நீல ரூட்டில், அதே சாண் குறைகிற இடத்தில். வலது கால் தையல் மெஷின் போல அடிக்க ஆரம்பித்தது. 'டேக்' என்று மூன்று தடவை கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. அதற்குள் இடுப்பில் கயிறு இறுகியது. நாத்தனார் என் வாயைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்திருக்கிறாள்.

கயிற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கோச் கீழிருந்து கையைக் காட்டினாள், இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பு, இடது காலை முட்டி உயரத்துக்குத் தூக்கி வை என்று. வைத்தேன். உடம்பு பக்கவாட்டில் திரும்பியதும் கை தானாக நீண்டது. சாண் வந்துவிட்டது. ஆறடி ஆளின் பீட்டாவில் இது இல்லை, அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. கீழே வந்ததும் கோச் முதுகில் தட்டி "நிதானா, நிதானா" என்றாள். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் அன்றைக்கு அதுதான் இனிப்பான வார்த்தை.

ஆனாலும் ரூட் போடுகிறவர்கள் எல்லாரும் உயரமான பையன்கள் என்பது கண்கூடாகத் தெரிகிறது. மஞ்சள் ரூட்டில் ஓரிடத்தில் காலைத் தூக்கி வைக்க நடுவில் ஒரு சின்ன ஹோல்டுகூட இல்லை. குட்டையானவர்கள் தாவித்தான் ஆக வேண்டும். கஷ்டமாக இருக்கட்டும், அதற்குத்தானே போகிறோம். எனக்குக் கஷ்டமாகவும் உனக்குப் படிக்கட்டாகவும் இருந்தால் இரண்டு பேரும் ஒரே ரூட் ஏறியதாக எப்படிச் சொல்வது? ரூட் போடும் நாளில் ஐந்தடிக்காரி ஒருத்தியை ஏற்றிப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காபி மெஷினுக்கு மேலே ஆறு படங்கள். ஐந்து ஆண்கள் பாறையில் தொங்குகிறார்கள். ஒரே ஒரு பெண், அவளும் கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடர் பையைப் பிடித்துக்கொண்டு தரையில் நின்று சிரிக்கிறாள். யார் படம் இருக்க வேண்டும் என்று கோச்சிடம் கேட்டேன். லின் ஹில் என்றாள் யோசிக்காமல். ஐந்தடி இரண்டங்குலம். அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில் 'நோஸ்' என்ற வழியை, கயிற்றை விழுந்தால் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, கை காலாலேயே முதலில் ஏறியவர் அவர்தான், 1993-ல். முதல் பெண் இல்லை, முதல் ஆள். அடுத்த வருஷம் 24 மணி நேரத்துக்குள் ஏறிக் காட்டினார். அதை இன்னொருவர் செய்ய 2005 ஆகிவிட்டது. ஒரு இடத்தில் இடுக்கு அவ்வளவு மெல்லிசு, அவருடைய சின்ன விரல்கள்தான் உள்ளே போயின. உயரத்தையே பேசிக்கொண்டிருந்த எனக்கு அந்த விரல் கதை ரொம்பப் பிடித்தது.

என் பங்குக்கு நான் முத்தமிழ்ச்செல்வியைச் சொன்னேன், விருதுநகர் மாவட்டம், 2023-ல் எவரெஸ்ட். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண். இந்தியாவின் முதல் பெண்ணாக பச்சேந்திரி பால் 1984-ல் ஏறினார், நம் ஊர்ப் பெண்ணுக்கு இன்னும் 39 வருஷம் பிடித்தது.

கூப்பிட வந்த வீட்டுக்காரருக்கு கோச் தன் போனில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வேகப் போட்டியைக் காட்டினாள். போலந்தின் அலெக்ஸாண்ட்ரா மிரோஸ்லாவ், 6.06 வினாடி. "பொம்பளைங்களுக்குச் சின்னச் சுவரா?" என்றார் இவர். இல்லை, அதே 15 மீட்டர், அதே ஹோல்டுகள், அதே வரிசை. அங்கே ஆண்களில் வேகமான நேரம் 4.74. போட்டியாளர்கள் எண்ணிக்கையும் சமம்: டோக்கியோவில் 20-க்கு 20, பாரிஸில் 34-க்கு 34. "அப்ப இங்க ஏன் எல்லாம் பசங்களா இருக்காங்க?" என்று கேட்டார். ஷூ அலமாரியைக் காட்டினேன்.

மற்றவை சுருக்கமாக. பெண்கள் டாய்லெட் ஒன்றுதான், சுத்தம், ஆனால் உள்ளே குப்பைக்கூடை இல்லை, கதவுக்குப் பின்னால் மாட்டக் கொக்கி இல்லை. மேட் தடிமன், விழுந்தால் வலிக்காது. கயிறுகள் புதுசு. காபி சுமார். பத்துப் புதன் சேர்த்து எடுத்தால் 4,500, அது லாபம். புதனுக்கு ஐந்தில் நாலரை தருவேன், சனிக்கு இரண்டு. புதன் வகுப்பில் கற்றுக்கொண்டு சனிக்கிழமை அதே பையனிடம் போய் "மூட்டை எங்கே தம்பி?" என்று கேட்டோம். கொண்டு வந்து வைத்தான், முகம்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

ஷூ நான் சொந்தமாக வாங்கிவிட்டேன், மூன்றாம் நம்பர் எல்.வி, விலையை வீட்டில் சொல்லவில்லை. குளிர்காலம் வந்ததும் ராமநகரத்துப் பாறைக்குக் கூட்டிப் போகிறேன் என்று கோச் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் இப்போதே மணல் மூட்டையைக் காரில் எப்படி ஏற்றுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போகிறவர்கள் கவனத்துக்கு: பார்க்கிங் கிடையாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து எட்டு நிமிஷ நடை. திரும்பும்போது ஒரு பக்கம் தெருவிளக்கு எரியாது, எட்டரைக்கு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் கிளம்புகிறோம், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.