கேட்6 கேபிளில் எச்டிஎம்ஐ: மூன்று வழிகள், எதை நம்பலாம்?

கல்யாண மண்டபமோ கல்லூரி அரங்கமோ, மேடையிலிருந்து திரை ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப் போய்விட்டால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை மறந்துவிட வேண்டியதுதான். 1080பி, 60 பிரேம் படத்துக்கே நொடிக்குச் சுமார் 4.46 ஜிகாபிட் ஓட வேண்டும். முழு நிறத்தோடு 4கே, 60 பிரேம் என்றால் 17.82 ஜிகாபிட். அந்த வேகத்தில் எச்டிஎம்ஐ கேபிளின் செப்புக் கம்பி சீக்கிரமே தோற்றுவிடும். கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளின் முறுக்கு ஜோடிகளை (இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகளை) நாடுவது இதனால்தான். ஆனால் அதே கேபிளில் எச்டிஎம்ஐயை அனுப்ப மூன்று விதமான பெட்டிகள் விற்கிறார்கள்.

விலை குறைந்தது, மின்சாரம் தேவைப்படாத சின்னப் பெட்டி. எச்டிஎம்ஐ சிக்னலை மாற்றாமல் அப்படியே கம்பியில் ஏற்றிவிடும். பெரும்பாலும் இரண்டு கேபிள் கேட்கும். கேட்6இல் ஒவ்வொரு ஜோடியும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருப்பதால் கம்பிகளின் நீளமும் வேறுபடும், சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. அட்டையில் 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் நிரந்தர வேலைக்கு இதை வாங்காதீர்கள்.

என் ஓட்டு எச்டிபேஸ்டிக்குத்தான். எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகிய நான்கும் 2010இல் சேர்ந்து உருவாக்கிய கூட்டமைப்பின் தரம் இது. சிக்னலை நீண்ட கம்பிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, ஒரே கேபிளில் 100 மீட்டர் வரை கொண்டுபோகும். படம், ஒலி, இணையம், ரிமோட் கட்டளை எல்லாம் அதிலேயே போகும். ஆதரிக்கும் பெட்டிகளில் மின்சாரமும் போகும். தாமதம் கண்ணுக்கே தெரியாது. பேசுபவர் மேடையில் நிற்க, அவர் முகம் பக்கத்துத் திரையில் ஓடும்போது இது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. எச்டிபேஸ்டி 2.0 பதிப்பு வரையிலான பெட்டிகளில் முழு நிற 4கே 60 அடங்காது. நிறத் தகவலைக் குறைக்க வேண்டும், அல்லது படத்தைச் சுருக்க வேண்டும். சுருக்காமல் வேண்டுமென்றால் 3.0தான். மலிவான ரகங்கள் 1080பி படத்துக்கே 70 மீட்டரோடு நின்றுவிடும். இன்னொன்று: பிளக் நெட்வொர்க் கேபிளில் வரும் ஆர்ஜே45தான் என்றாலும் இது நெட்வொர்க் சிக்னல் அல்ல, நடுவில் நெட்வொர்க் சுவிட்சைச் செருகினால் படம் வராது.

சுவிட்ச் வழியாகவே போக வேண்டும், பத்து இருபது டிவியில் ஒரே படம் தெரிய வேண்டும் என்றால், படத்தை நெட்வொர்க் தரவாகவே மாற்றி அனுப்பும் ஐபி பெட்டிகள். சாப்பாட்டுக் கூடம், வரவேற்பறை என்று பிரித்துப் போட இதைவிட வசதி வேறில்லை. ஒரு ஜிகாபிட் பெட்டிகள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்.264 முறையில் சுருக்கும் ரகமென்றால் தாமதம் கண்ணுக்கே தெரியும், மேடையை நேரில் பார்ப்பவர்களுக்கு உதட்டசைவு ஒட்டாது. 10 ஜிகாபிட் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை, சுவிட்சின் விலைதான் கையைக் கடிக்கும். மல்டிகாஸ்டில், அதாவது ஒரே ஓட்டத்தைப் பல டிவிக்கு, அனுப்பினால், கேட்ட போர்ட்டுக்கு மட்டும் வீடியோவை விடும் ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் வசதி சுவிட்சில் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ எல்லா போர்ட்டிலும் கொட்டி மற்ற வேலைகளும் நின்றுவிடும்.

பெட்டி எதுவானாலும் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். அலுமினியத்துக்குச் செப்புப் பூச்சு பூசிய கேபிள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. தடை அதிகம், மின்சாரமும் சேர்ந்து ஓடினால் சூடாகும். சுத்தமான செப்பில் செய்த, ஷீல்டு (வெளிக் குறுக்கீட்டைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேட்6ஏ, அதாவது கேட்6இன் மேம்பட்ட ரகம், வாங்குங்கள். பல கேபிள்களை இறுக்கிக் கட்டாதீர்கள், நடுவில் இணைப்புகளைக் குறையுங்கள். சுவரைப் பூசி மூடும் முன், கடைசியில் ஓட்டப்போகும் அதே தெளிவில் படத்தை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள்.