அழிபடாத சொப்ட்வெயாரை அழிக்கக் கொடுத்தோம், லப்டொப்பைப் பூட்டித் தந்தார்கள்

மட்டக்களப்பு நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் லப்டொப் திருத்தக் கொடுக்கிறவர்களுக்கு, முக்கியமாக வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் விலக்கிவிட்டு, அடுத்த கடையில் இதே வேலைக்கு இதே காசைக் கொடுப்பீர்கள். கடையை விட அவர்கள் செய்கிற வேலையை அடையாளம் கண்டுகொள்வதுதான் பிரயோசனம்.

லப்டொப் என் தங்கச்சியுடையது. புதிதாக வாங்கும்போதே அதற்குள் ஒரு அன்டிவைரஸ் இருந்தது. கொஞ்சக் காலம் இலவசம், பிறகு காசு கட்டச் சொல்லும் வகை. தவணை முடிந்த நாளிலிருந்து திரையின் மூலையில் எச்சரிக்கைப் பெட்டி வந்து விழுந்துகொண்டே இருந்தது. இதற்கிடையில் பிடிஎப் மாற்றுவதற்கென்று அவள் இறக்கிய இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஒரு ‘பிசி கிளீனர்’ வந்து சேர்ந்தது. உங்கள் கணினியில் ஆயிரக்கணக்கில் பிழை இருக்கிறது, திருத்தக் காசு கட்டுங்கள் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் சாமான். இரண்டையும் அழிக்கப் பார்த்தாள். அன்டிவைரஸ் பாதியில் நின்று பிழைச் செய்தி காட்டியது. கிளீனர் அழிந்த மாதிரிக் காட்டிவிட்டு, ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி வந்து நின்றது.

நான் அம்பாறையில் வேலை. கிழமை முடிவில்தான் வீட்டுக்கு வருவேன். அதற்குள் இறுதி வருட ஆய்வைக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் அவள் நகரத்தில் உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது: “இது சும்மா அழிபடாது தங்கச்சி. வைரஸ் போர்டுக்குள்ள இறங்கிட்டு. போர்மட் அடிச்சாத்தான் சரி.”

போர்மட்டுக்கு, அதாவது டிஸ்க்கை அழித்துப் புதிதாக்க, 3,000 ரூபா. ‘ஒரிஜினல் விண்டோஸ்’ போட 5,500. நல்ல அன்டிவைரஸ் ஒன்று போட 2,500. மொத்தம் 11,000 ரூபா. டிஸ்க்கின் தனிப் பகுதியான டி டிரைவில் இருக்கிற பைல்களுக்கு ஒன்றும் ஆகாது என்று வாயால் உறுதி. பில் தரவில்லை. தேதியும் ஒரு இலக்கமும் எழுதிய துண்டு மட்டும்தான்.

திரும்பி வந்த லப்டொப்பில் டி டிரைவே இல்லை. முழு டிஸ்க்கையும் அழித்து ஒரே பகுதியாக்கி விண்டோஸ் போட்டிருந்தார்கள். வாகரைப் பக்கம் மீன்பிடிக் குடும்பங்களிடம் அவள் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் அதில்தான் இருந்தன. போனில் மிஞ்சியிருந்தவை போக மற்றதெல்லாம் போய்விட்டது. மீட்கலாமா என்று கேட்பீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஓரளவு நம்பிக்கை உண்டு. இப்போதைய எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் போர்மட் செய்தவுடன் அந்த இடங்கள் வெறுமை என்று விண்டோஸ் டிஸ்க்குக்கே அறிவிக்கும், அது உள்ளுக்குள் துடைத்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

இதோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். கொஞ்சக் காலத்தில் கடைக்காரர் போட்ட ‘நல்ல அன்டிவைரஸ்’ செல்லுபடியாகாத உரிமம் என்று சொல்லி நின்றுபோனது. பலருக்கு விற்ற ஒரே சாவி, கம்பனி முடக்கிவிட்டது. திரும்பவும் அதே மூலையில் அதே எச்சரிக்கைப் பெட்டி, நிறம் மட்டும் வேறு. சரி, இதையாவது நானே அழிக்கிறேன் என்று அவள் அன்இன்ஸ்டோல் அழுத்த, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. அவளுடைய பாஸ்வேர்டை ஏற்கவில்லை. கடைக்குப் போன் செய்தால் பதில்: “அது எங்கட பாஸ்வேர்ட். பாதுகாப்புக்குத்தான் போட்டிருக்கு. கொண்டு வாங்க, எடுத்துத் தாறன்.” எடுத்துத் தர 1,500 ரூபா.

அந்தக் கட்டத்தில்தான் நான் மெஷினைக் கையில் எடுத்தேன். பெரிய நீலாவணையில் இருக்கிற என் மச்சான் கணினி வலையமைப்பு வேலை செய்கிறவர். அவரைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம், அவருக்குச் சிரிப்பு.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் அவளுடைய விவரத்தைப் பார்த்தால் பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருக்க வேண்டும். இல்லை. அவளைச் சாதாரணப் பயனராக ஆக்கிவிட்டு, ‘அட்மின்’ என்ற பெயரில் வேறு ஒரு கணக்கைத் திறந்து அதன் பாஸ்வேர்டைக் கடை வைத்திருந்தது. விண்டோஸில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட மென்பொருள் ஒன்றை அழிக்க அட்மின் உரிமை வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் ‘அழிபடாத’ மென்பொருள்தான். “வீட்டுக்காரிய வாடகைக்காரியாக்கிட்டு திறப்ப அவன் கொண்டு போயிட்டான்” என்றார் மச்சான்.

பிறகு மென்பொருள் பட்டியலைப் பார்த்தோம். தூரத்தில் இருந்து கணினியை இயக்கும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. கணினி எழும்பும்போதே தானும் எழும்பும்படி, யாரும் அனுமதி கொடுக்காமலே பாஸ்வேர்ட் தெரிந்தவர் உள்ளே வரலாம் என்ற அமைப்பில். இந்த வகை மென்பொருள் தன்னளவில் கெட்டதில்லை, அலுவலகங்களில் எல்லாம் பாவிக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளையின் லப்டொப்பில், அவளுக்குத் தெரியாமல், அவளால் அழிக்க முடியாதபடி அதை வைப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? யாரும் உள்ளே வந்தார்கள் என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை, அதனால் அப்படிக் குற்றம் சாட்டவில்லை. கதவு திறந்து கிடந்தது என்பது மட்டும் உறுதி. உடனே வைபையை நிறுத்தினோம்.

அடுத்தது அந்த ‘ஒரிஜினல் விண்டோஸ்’. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அக்டிவேஷன். அங்கே, உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் இயக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பல்கலைக்கழகமோ வேலைத்தலமோ தந்த கணினியில் அப்படி இருந்தால் சரி. வீட்டுக்கு வாங்கிய லப்டொப்பில் அப்படி இருந்தால், உரிமம் இல்லாமலே விண்டோஸை இயக்கும் திருட்டு அக்டிவேட்டர் போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் விண்டோஸ் 11 ஹோம் என்று அச்சடித்திருக்க, உள்ளே ப்ரோ என்ற வேறு எடிஷன் இருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன் பட்டியலைப் பார்க்கவும் அட்மின் உரிமை கேட்டது. இந்த அக்டிவேட்டர்கள் பிடிபடாமல் இருக்க, விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான டிபெண்டருக்கு, இந்தப் போல்டரைப் பார்க்காதே என்று அங்கேதான் எழுதி வைப்பார்கள்.

வயிறு எரிவது இதற்குத்தான்: விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லப்டொப்களில் உரிமச் சாவி மதர்போர்டில் உள்ள பயோஸ் சிப்பிலேயே பதிந்து வருகிறது. டிஸ்க்கை அழித்தாலும் அது போகாது. அதே எடிஷனைத் திரும்பப் போட்டால், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக அக்டிவேட் ஆகும். அதாவது தங்கச்சி ஏற்கனவே காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை எடுத்துவிட்டு, திருட்டுப் பிரதியை அவளுக்கே 5,500 ரூபாவுக்கு விற்றிருக்கிறார்கள்.

முதலில் வந்த பிரச்சினைக்கு போர்மட் தேவையே இல்லை. அன்டிவைரஸ்கள் லேசில் அழியாதது பழுதால் அல்ல. வைரஸ் வந்து தன்னை நிறுத்திவிடக் கூடாது என்று தன் பைல்களையும் சேவைகளையும் அது பூட்டி வைத்திருக்கும். பாதியில் ஏதாவது பைல் பழுதானால் அந்தப் பூட்டு நம்மையும் தடுக்கும். இதனால்தான் மெக்காபி, நோர்ட்டன், அவாஸ்ட், கஸ்பர்ஸ்கி, ஈசெட் எல்லோருமே தங்கள் மென்பொருளை முழுதாகக் கழற்ற ஒரு சிறிய கருவியை இலவசமாகத் தங்கள் தளத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பனியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தினால் இன்னொரு கிளீனர்தான் வரும். சில கருவிகள், விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும்பும் சேப் மோடில் இயக்கச் சொல்லும்: ஷிப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட், பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், அங்கே ரீஸ்டார்ட், வரும் பட்டியலில் 4. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்த வழியில் விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லொக்கரின் மீட்புச் சாவி கேட்கலாம். மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்த லப்டொப் என்றால் அது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அழித்ததும் பாதுகாப்பில்லாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வேறு அன்டிவைரஸ் இருக்கும்வரை ஒதுங்கியிருக்கும் விண்டோஸ் டிபெண்டர் தானாக எழும்பிவிடும். வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

கிளீனர் திரும்பத் திரும்ப வந்ததற்கும் மந்திரம் ஒன்றுமில்லை. விண்டோஸில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தன்னை மீண்டும் எழுப்ப ஒரு வேலையை எழுதி வைத்திருக்கும், அல்லது பின்னணியில் ஒரு சேவையாக ஓடும். முதலில் டாஸ்க் மனேஜரில் அதை நிறுத்தி, ஷெட்யூலரில் அதன் பெயரில் இருப்பதை நீக்கி, அப்புறம் அன்இன்ஸ்டோல் செய்தால் அநேகமாகப் போய்விடும். அன்இன்ஸ்டோலரே பழுதாகி, பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தால், நிறுவல் நீக்கல் பிரச்சினைகளுக்கென்றே மைக்ரோசொப்ட் ஒரு டிரபிள்ஷூட்டர் தருகிறது. அதுவும் இலவசம்.

கடைக்குப் போனேன். முதலாளி மரியாதையாகத்தான் கதைத்தார். “தம்பி, எல்லாக் கடையிலயும் இப்படித்தான் போடுறாங்க.” டி டிரைவைப் பற்றிக் கேட்டதும், அது வைரஸ் தின்றது என்றார். பாஸ்வேர்டைக் கேட்டதும், வேலை செய்த பொடியன் இப்போது இல்லை என்றார். பில் கேட்டதும் முகம் மாறியது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சபையின் 1977 இலக்கத்துக்கு இப்போதே எடுக்கிறேன் என்றதும், 5,500 ரூபாவும் அன்டிவைரஸின் 2,500 ரூபாவும் மேசைக்கு வந்தன. போர்மட் காசு வரவில்லை. ஒலிப்பதிவுகளுக்கு விலையே இல்லை. முறைப்பாடு செய்கிறவர்கள் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னது எடுபடாது. துண்டுச் சீட்டையும் வட்ஸ்அப் குரல் பதிவுகளையும் வைத்திருந்ததால்தான் எனக்குப் பேச வாய் இருந்தது.

இன்னொரு கதையும் இப்போது நடக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததைச் சாட்டாக வைத்து, 11 போடாவிட்டால் கணினி ஓடாது என்று காசு கேட்கிறார்கள். ஓடும். வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. தகுதியுள்ள கணினியில் 11க்கு மாறுவது இலவசம்.

கடையின் பூட்டுக்குள் இருந்த லப்டொப்பை நாங்கள் எடுத்த விதம் இது. சாதாரணப் பயனராலும் தன் பைல்களை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க முடியும், அதை முதலில் செய்தோம். பிறகு மச்சானின் கணினியில் மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள வெற்றுப் பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 11ஐ ஏற்றினோம். அதிலிருந்து பூட் செய்து கடைக்காரரின் விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டோம். ஹோம் எடிஷனை அதுவே தெரிவு செய்தது, சாவி கேட்கவில்லை. வைபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் நின்ற இடத்தில் அன்ட்ரொய்ட் போனை வயரில் கொழுவி இன்டர்நெட் கொடுத்தோம். அக்டிவேஷன் பக்கத்தில் இப்போது டிஜிட்டல் உரிமம் என்று காட்டுகிறது.

உங்கள் லப்டொப்பிலும் தெரியாத அட்மின் கணக்கு ஒன்று இருந்து, அதோடு தூர இயக்க மென்பொருளும் இருந்தால், அந்த மெஷினில் இருந்துகொண்டு பாஸ்வேர்ட் மாற்றாதீர்கள். போனில் இருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, அப்புறம் பேஸ்புக். மாற்றியதும் மற்ற எல்லாக் கருவிகளிலும் இருந்து வெளியேற்றும் தெரிவையும் அழுத்துங்கள். வட்ஸ்அப்பில் இணைத்த கருவிகளின் பட்டியலைத் திறந்து, அந்த லப்டொப் அங்கே இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.