பதினொரு வருடம் லாக் புக்கோடு: ரிசப்ஷன் மேசையிலிருந்து

மதுரையில் 46 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் பதினொரு வருடமாக ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். காலை ஏழு, மதியம் மூன்று, இரவு பதினொன்று என மூன்று ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறும்போது மீதி வேலைகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க, இடையில் ஒன்றரை வருடம் வாட்ஸ்அப் குரூப்பையும், சில மாதம் எக்ஸெல்லையும் பயன்படுத்திப் பார்த்தோம். கடைசியில் லாக் புக் என்று நாங்கள் சொல்லும் கெட்டி அட்டை போட்ட ரிஜிஸ்டருக்கே திரும்பிவிட்டோம்.

பில்லும் அறைக் கணக்கும் சாஃப்ட்வேரில் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். 304-இல் கீசர் ரிப்பேர், எலக்ட்ரீஷியன் ஒன்பது மணிக்கு வருகிறார். 210-இல் கைக்குழந்தை, விடிகாலை நாலரைக்குப் பால் காய்ச்சித் தர வேண்டும். இதற்கெல்லாம் சாஃப்ட்வேரில் கட்டம் கிடையாது. எங்களுடையது 24 மணி நேர செக்-அவுட். பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி விடிகாலை அறை எடுத்தவருக்கு, மறுநாள் விடிகாலையோடு கெடு முடிகிறது. 'ரெண்டு மணி நேரம் சேர்த்து இருந்துக்கோங்க சார்' என்று மதிய ஷிஃப்டில் ஒருவர் வாக்குக் கொடுத்திருப்பார். அது எழுத்தில் இல்லாவிட்டால், இரவு ஷிஃப்டுக்காரர் அரை நாள் வாடகை கேட்டு நிற்பார்.

வாட்ஸ்அப்பை விட்டதற்குக் காரணம் ஒரு ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுக்க வந்த வயதான தம்பதி, இன்சுலினை எங்கள் கிச்சன் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். மதிய ஷிஃப்ட் பையன் குரூப்பில் போட்டுவிட்டான். அதற்கு மேல் லீவு கேட்டவர்கள், டவல் கணக்கு, குட் நைட் படங்கள் என்று நாற்பது மெசேஜ் வந்து விழுந்துவிட்டன. இரவு மேசையில் இருந்தது நான். நாலு மணிக்கு அவர்களைக் காரில் ஏற்றி அனுப்பிவைத்தேன். ஐந்தரைக்குப் பரமக்குடியிலிருந்து போன். "தம்பி, ஃபிரிட்ஜுல வச்ச மருந்து எங்கப்பா?" அந்த நேரத்தில் மருந்துக்கடை எதுவும் திறந்திருக்கவில்லை. ஹோட்டலுக்கே திரும்பி வந்து மருந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அக்னி தீர்த்தம் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இப்போது பக்க எண் அச்சிட்ட லாங் சைஸ் ரிஜிஸ்டர் வாங்குகிறோம். தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். வலது பக்கத்தில் நேரம் போட்டு விஷயத்தை எழுத வேண்டும். இடது பக்கம் காலியாக இருக்கும். வேலையை முடித்தவர் அதற்கு நேராக என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடது பக்கம்தான் எங்களுக்கு அதிகம் உதவியது. அது காலியாக இருந்தாலே வேலை நிற்கிறது என்று அர்த்தம். ஷிஃப்ட் ஏற்கிறவர் முந்தைய மூன்று ஷிஃப்டையும் படித்துவிட்டுத்தான் கல்லாவை எண்ணுவார். முடியாத வேலையைச் சிவப்பு மையில் அடுத்த பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். 'மேலே பார்க்கவும்' என்று யாரும் எழுதக் கூடாது. ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் இழுகிவிடும்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை (சி ஃபார்ம் என்று சொல்லிப் பழகியது) அரசுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் வந்து, நெட்டும் போயிருந்தால், அந்தச் சிவப்பு வரிதான் காலை ஷிஃப்டுக்கு ஞாபகப்படுத்தும். 2025 செப்டம்பர் 22 அன்று 7500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மாற்றம் நள்ளிரவில், அதாவது இரவு ஷிஃப்டின் நடுவில். ஒரு வாரம் முன்பே பக்கத்தின் தலையில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியதால் அன்று பில்லில் குழப்பம் வரவில்லை.

குறைகளும் இருக்கின்றன. பழைய விஷயத்தைத் தேடப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சிலர் கையெழுத்து அவர்களுக்கே புரியாது. கவுண்டரில் கிடக்கும் நோட்டு என்பதால் விருந்தினரின் போன் நம்பர், ஆதார் எதையும் அதில் எழுதவே கூடாது, அறை எண் போதும். இதை எவ்வளவு சொன்னாலும் மாதம் ஒரு முறையாவது யாராவது எழுதிவிடுகிறார்கள்.

ஃபிரிட்ஜில் எதை வைத்தாலும் இப்போது இரண்டு இடத்தில் குறிக்கிறோம். லாக் புக்கில் சிவப்பு மையில் ஒரு வரி, அந்த அறைச் சாவியின் வளையத்தில் ஒரு சின்ன அட்டை. காலி செய்கிறவர் சாவியை நீட்டும்போது அட்டையும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும்.