டிக்கிக்கு சப்வூஃபர் பெட்டி செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காரில் 12 அங்குல சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டு, அதற்கு போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியைக் கடையில் சொல்லிச் செய்யப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் ₹7,500 கொடுத்து நான் வாங்கி வந்தது, ஓட்டை போட்டு கார்பெட் ஒட்டிய ஒரு மரப்பெட்டி. அந்த ஓட்டைக்கும் உள்ளே மாட்டிய ஸ்பீக்கருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வண்டி 2019 ஸ்விஃப்ட். டிக்கி 268 லிட்டர். பெரியதல்ல, ஆனால் ஒழுங்காகத் திட்டமிட்டால் ஒரு பெட்டிக்குப் போதும். ஸ்பீக்கரோடு வந்த தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: போர்ட் பெட்டி என்றால் உள்ளே நிகரமாக, அதாவது ஸ்பீக்கரும் குழாயும் அடைக்கும் இடம் போக, 50 லிட்டர்; ட்யூனிங், அதாவது பெட்டி தானாக ஒலிக்கும் அதிர்வெண், 35 ஹெர்ட்ஸ். அந்தத் தாளின் நகலைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்தேன். "இதெல்லாம் நமக்குத் தெரியாதா சார், கஸ்டமா ட்யூன் பண்ணித் தர்றோம்" என்றார். டேப் எடுத்து டிக்கியை அளக்கவில்லை. வண்டி எது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சுவரோரம் ஒரே அளவில் நாலைந்து பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவை எந்தெந்த வண்டிக்கு என்று கேட்டதற்கு, "எல்லாம் ஆர்டர்" என்று பதில் வந்தது.

பெட்டியை மாட்டிய அன்றே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. குத்துப் பாட்டு போட்டால் டிக்கி அதிர்ந்தது, உண்மைதான். ஆனால் எந்தப் பாட்டு போட்டாலும் அதே ஒற்றை 'தும்... தும்'. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் கீழே இறங்கும் இடங்களில் சத்தம் காணாமல் போனது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். 35க்கு ட்யூன் செய்த பெட்டியில் அது நன்றாகவே கேட்க வேண்டும். இங்கே சத்தம் வரவில்லை, ஸ்பீக்கரின் கூம்பு மட்டும் முன்னும் பின்னும் கன்னாபின்னாவென்று ஆடியது. கொஞ்ச நாளில் 'டக் டக்' என்று அடி விழும் சத்தம், அப்புறம் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) கருகும் வாசனை.

போர்ட் பெட்டி வேலை செய்யும் விதம் காலி பாட்டில் வாயில் ஊதுவதைப் போலத்தான். உள்ளே இருக்கும் காற்றின் அளவு, வாயின் அகலம், கழுத்தின் நீளம் மூன்றும் சேர்ந்து எந்த ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. அந்த ஹெர்ட்ஸில் வேலையைப் போர்ட் எடுத்துக்கொள்ளும், கூம்பு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதற்குக் கீழே போனால் கூம்பைத் தாங்கிப் பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. சத்தமும் மளமளவென்று குறையும். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) சப்சானிக் ஃபில்டர், அதாவது மிகத் தாழ்ந்த ஒலிகளை ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் வசதி, இருக்கிறதே என்று நினைக்கலாம். அதைத் தாளில் சொன்னபடி 30 ஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். ஆனால் பெட்டி எங்கே ட்யூன் ஆகியிருக்கிறதோ அதை ஒட்டி வைத்தால்தான் அதற்குப் பயன்.

தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து அளந்தோம். வெளி அளவு 58 × 34 × 30 செ.மீ. கணக்குப் போட்டால் 59 லிட்டர். கடைக்காரர் "அம்பதுக்கு மேலயே இருக்கு சார்" என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். பலகை 18 மி.மீ. தடிமன். எல்லாப் பக்கமும் அதைக் கழித்தால் உள்ளே 43.7 லிட்டர். ஸ்பீக்கரின் உடம்பு சுமார் 3 லிட்டர், போர்ட் குழாய் ஒரு லிட்டர் போக, மிச்சம் 39.5 லிட்டர் சொச்சம். கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே காணோம்.

போர்ட்டைப் பார்த்ததும் ஆசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்விட்டம் 10 செ.மீ. உள்ள பிவிசி பைப், நீளம் வெறும் 12 செ.மீ. இதற்கான சூத்திரம் ஒன்றும் ரகசியமில்லை. குழாயின் விட்டத்தை (செ.மீ.) வர்க்கமாக்கி 23,562ஆல் பெருக்கி, அதைப் பெட்டியின் நிகர லிட்டராலும் ட்யூனிங் ஹெர்ட்ஸின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். வருவதில் விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் குழாயின் நீளம் செ.மீ.யில் கிடைக்கும். 50 லிட்டருக்கு 35 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 31 செ.மீ. வருகிறது. இவர்கள் வைத்த 12 செ.மீ. குழாயையும் 39.5 லிட்டரையும் வைத்துத் திருப்பிப் போட்டால் ட்யூனிங் சுமார் 55 ஹெர்ட்ஸ்! கேட்டது 35.

ஏன் குட்டையாக வெட்டினார்கள் என்பதும் திறந்து பார்த்தபோதே புரிந்தது. பெட்டியின் உள் ஆழம் 26.4 செ.மீ.தான். 31 செ.மீ. குழாய் முன்னிருந்து பின்னாக நேராக நுழையாது. வளைத்து விட வேண்டும், இல்லையென்றால் நீளவாட்டில் படுக்கவைக்க வேண்டும். இரண்டுக்கும் யோசிக்க வேண்டும். பெட்டியை நீளத்தில் 16 செ.மீ. கூட்டியிருந்தால் 50 லிட்டரும் கிடைத்திருக்கும், குழாயும் படுத்திருக்கும். டிக்கியில் அதற்கு இடம் இருந்தது. அளந்திருந்தால்தானே தெரியும்.

இன்னும் ஒன்று. சீட்டில் '18 எம்எம் எம்டிஎஃப்' (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்று எழுதித் தந்தார்கள். ஓரத்தில் கார்பெட்டை உரித்தபோது தெரிந்தது பார்ட்டிகிள் போர்டு. மரச் சீவலை அழுத்திச் செய்த பலகை. எம்டிஎஃப்பின் வெட்டுமுகம் மாவு போல ஒரே சீராக இருக்கும், இதில் சில்லு சில்லாகத் தெரியும். ஸ்பீக்கர் ஆட ஆட ஸ்க்ரூ பிடி தளர்ந்து, இரண்டு மூலைகளில் காற்று கசிந்துகொண்டிருந்தது. போதாததற்குப் பெட்டியை டிக்கித் தரையோடு சேர்த்து முடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்டெப்னி அதற்கு அடியில் இருக்கிறது. அவிநாசி ரோட்டில் பஞ்சர் ஆகியிருந்தால் என் கதி என்ன என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கடைக்குப் போனேன். முதலில், "ஆம்ப் கெயின் (ஆம்ப்ளிஃபையர் பெருக்க அளவு) அதிகமா வச்சிருக்கீங்க, காயில் போனா நாங்க பொறுப்பில்லை." அளவுகளைக் காட்டியதும், "கார்பெட்டை உரிச்சுட்டீங்களே, இனி திரும்ப எடுக்க முடியாது." கடைசியில், பாதி விலைக்கு வேறு பெட்டி தருவதாகச் சொன்னார். அதுவும் சுவரோரம் நின்ற அதே அளவுப் பெட்டி. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உங்களிடம் ஏற்கெனவே இப்படி ஒரு பெட்டி இருந்தால், உரிக்காமலே சோதிக்க ஒரு வழி உண்டு. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்து, சப்சானிக் ஃபில்டரை அணைத்துவிட்டு 70 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். கூம்பு ஓரிடத்தில் மிகக் குறைவாக அசையும். அதே நேரம் போர்ட்டில் கை வைத்தால் காற்று நன்றாகத் தள்ளும். அந்த இடம்தான் உங்கள் பெட்டியின் உண்மையான ட்யூனிங். கடைக்காரர் சொன்ன எண்ணுக்கும் அதற்கும் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். இருபது என்றால் சண்டை போடுங்கள்.

புதிதாகச் செய்யக் கொடுப்பவர்கள் பெட்டியின் உள் அளவு, நிகர லிட்டர், போர்ட்டின் விட்டமும் நீளமும், ட்யூனிங் ஹெர்ட்ஸ், பலகையின் வகை எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். கார்பெட் ஒட்டுவதற்கு முன்னால் வந்து பார்ப்பேன் என்றும் சொல்லிவிடுங்கள். போர்ட் வாய் சீட் முதுகை ஒட்டி இருக்கக் கூடாது, குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 35 ஹெர்ட்ஸ், 50 லிட்டர் எல்லாம் வாய்ப்பேச்சு, அவர் தந்த சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'எம்டிஎஃப்' என்று மட்டும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. என் புகார் இப்போது அதை வைத்துத்தான் நிற்கிறது.