பென் டிரைவ் வழியாக விண்டோஸ் 7: ஓர் அச்சகக் கணினியின் நீண்ட நாள் அனுபவம்

பேஜ்மேக்கர் 7-இல் பக்கம் கட்டிய தமிழ்ப் புத்தகங்கள் எங்கள் அச்சகத்தில் ஏராளமாக இருக்கின்றன. இன்று தமிழுக்குப் பொதுவாகப் பயன்படும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை அந்த மென்பொருளுக்குத் தெரியாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அந்தப் பக்கங்களை மறுபதிப்புக்காகத் திருத்துவதற்கு அதையே திறந்தாக வேண்டும். எழுத்துரு மென்பொருள் இயங்கக் கணினியில் செருக வேண்டிய டாங்கிள் என்ற சிறு சாதனத்துக்கான டிரைவரும் (வன்பொருளை விண்டோஸுடன் இணைக்கும் நிரல்) 32 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. ஆகவே, மூன்றாம் தலைமுறை இன்டெல் கணினி ஒன்றில் 32 பிட் விண்டோஸ் 7-ஐ நிறுவிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

நிறுவலுக்கான பென் டிரைவைத் தயாரிக்க ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். ஆனால் 32 பிட் விண்டோஸ் 7, கணினியைத் தொடங்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ-யில் தொடங்காது என்பதால், ரூஃபஸில் பார்ட்டிஷன் வகையை எம்பிஆர் என்றும், இலக்கை பழைய தொடக்க முறையான பயாஸ் என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். சற்றே புதிய கணினியாக இருந்தால் நம்பகமான நிரல்களை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட்டை நிறுத்தி, பழைய பயாஸ் முறையில் தொடங்க உதவும் சிஎஸ்எம் வசதியை இயக்க வேண்டும். பூட் மெனுவில் அதே பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தென்பட்டால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று இல்லாததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் கைவிட்டுவிடும் இடம் இதற்கு அடுத்ததுதான். நிறுவல் திரை வந்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, நிறுவு பொத்தானை அழுத்தியதும், சிடி அல்லது டிவிடிக்கான டிரைவர் இல்லை என்ற செய்தி வருகிறது. பென் டிரைவிலிருந்து நிறுவுகிறவருக்கு இந்தச் செய்தி எதையும் விளக்குவதில்லை; விண்டோஸ் நிறுவல் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி மீண்டும் பதிவிறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையில், கணினி தொடங்கும்போது பென் டிரைவைப் படிப்பது பயாஸ். நிறுவல் நிரல் பொறுப்பேற்ற பிறகு அதற்கென்று சொந்த டிரைவர் வேண்டும். 2009-இல் வெளியான விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. நீல நிற நாக்குள்ள யூஎஸ்பி 3.0 துளையிலிருந்து பென் டிரைவை எடுத்து, கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 துளையில் செருகி, நிறுவலின் முதல் திரைக்குத் திரும்பி மறுபடி நிறுவு என்று அழுத்தினால் வேலை தொடர்கிறது. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் கணினிகளில் இந்த வழி பலிக்காது. அவற்றின் சிப்செட்டில் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரே நீக்கப்பட்டுவிட்டதால், விசைப்பலகையும் மவுஸும் கூட நின்றுவிடும். அங்கே, நிறுவல் கோப்புகளான பூட்.விம், இன்ஸ்டால்.விம் இரண்டிலும் யூஎஸ்பி 3.0 டிரைவரை முன்கூட்டியே சேர்த்தாக வேண்டும்.

கோப்புகள் நகலாகி முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவிலிருந்து மீண்டும் பூட் ஆக விடக்கூடாது. விட்டால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். நெட்வொர்க் டிரைவரை அதே பென் டிரைவில் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்வது நல்லது. 2019-இல் வந்த கேபி4474419 என்ற அப்டேட்டையும் அதில் சேர்த்துவிடுங்கள்; எஸ்எச்ஏ-2 என்ற புதிய முறையில் டிஜிட்டல் கையொப்பமிட்ட பிந்தைய டிரைவர்களுக்கு அது தேவைப்படும்.

நீண்ட காலப் பயன்பாட்டில் எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது இதன் நிதானம். எஸ்எஸ்டியின் வேகம் குறையாமல் காக்கும் டிரிம் வசதியை விண்டோஸ் 7 தானாகவே ஆதரிப்பதால், சாட்டா எஸ்எஸ்டியில் பேஜ்மேக்கர் உடனுக்குடன் திறக்கிறது. வேலை நடுவே அப்டேட் வந்து குறுக்கிடுவதுமில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு இதைக் கைவிட்டுவிட்டது. இணையம் வேண்டுபவர்களுக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் கணினியில் நெட்வொர்க் கேபிளே இல்லை. கோப்புகளைக் கொண்டுவரும் பென் டிரைவை வேறொரு கணினியில் வைரஸ் சோதனை செய்த பிறகே இதில் செருகுகிறோம்.

நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவை நான் அழிக்கவில்லை. நிறுவு பொத்தான் உள்ள திரையின் கீழே, கணினியைப் பழுதுபார்க்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7-இலேயே உள்ள பேக்கப் வசதியால் எடுத்துவைத்த சிஸ்டம் இமேஜை (விண்டோஸும் மென்பொருள்களும் அடங்கிய முழு நகல்), வன்வட்டு போனாலும் அந்த இணைப்பின் வழியே புதிய வட்டில் மீட்டுவிடலாம். பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், டாங்கிள் டிரைவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மறுபடி நிறுவ வேண்டியதில்லை.