ஜொகூர் பாருலேர்ந்து ஒரே பஸ்ஸுல சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன், அம்மாவோட ஒரு நாள்

ஸ்கூல் லீவுல சிங்கப்பூர் போகணும்னா கையில கட்டுக்கட்டா காசு வேணும்னு நினைச்சு ரெண்டு வருசமா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், நம்ம மலேசிய வெள்ளிய (ரிங்கிட்) அவங்க வெள்ளிக்கு (டாலர்) மாத்துனாலே பாதி பயணம் முடிஞ்ச மாதிரி ஆயிரும்ல. கடைசில அம்மாவையும் சின்னவனையும் கூட்டிட்டு பொட்டானிக் கார்டனுக்கு மட்டும்னு முடிவு பண்ணி போயிட்டு வந்தோம். சிங்கப்பூர்ல இதவிட கம்மி செலவுல இவ்ளோ நிறைவா ஒரு நாள் கிடைக்குமான்னு தெரியல.

பஸ் விசயம் முதல்ல. ஜொகூர் பாரு லார்க்கின் பஸ் ஸ்டேசன்லேர்ந்து கிளம்புற 170ஆம் நம்பர் பஸ் நேரா புக்கிட் தீமா ரோட்டு வழியாத்தான் போகுது, பொட்டானிக் கார்டன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேசன் கிட்டயே இறங்கிக்கலாம், வேற ரயில் பஸ் எதுவும் மாற வேண்டியதில்ல. ரெண்டு செக்பாயிண்ட்லயும் இறங்கி பாஸ்போர்ட் முடிச்சிட்டு அடுத்து வர்ற 170ல ஏறிக்கணும், அவ்ளோதான். சிங்கப்பூர் அரைவல் கார்டு போய்ச் சேர்றதுக்கு முந்துன மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போட்டுருங்க, அது ஃப்ரீ. நாங்க வேலை நாள்ல விடியக்காலையிலயே கிளம்பிட்டோம், சனி ஞாயிறுல பாலத்துல நின்னே பாதி நாள் போயிரும்.

உள்ள நுழையறதுக்கு காசே கிடையாது. காலை 5 மணிலேர்ந்து ராத்திரி 12 வரைக்கும் தெறந்திருக்கு. 1859ல ஆரம்பிச்ச தோட்டம், 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க, 82 ஹெக்டேர். ஒரு முனைலேர்ந்து இன்னொரு முனைக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல வரும், அதனால பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க எல்லாத்தையும் பாக்கணும்னு அடம் பிடிக்காதீங்க. பாதை பெரும்பாலும் சமமா இருக்கு, மரத்தடி நிழல் தாராளம், அம்மா முழங்கால் வலியோடயே மெதுவா நடந்து வந்துட்டாங்க.

சின்னப் பிள்ளைங்க இருந்தா ஜேக்கப் பாலஸ் சில்ரன்ஸ் கார்டனுக்கு முதல்ல போங்க, அது இந்த புக்கிட் தீமா பக்கம்தான் இருக்கு, அதுவும் ஃப்ரீ. பிள்ளைங்க கூட வந்தாத்தான் பெரியவங்களையே உள்ள விடுவாங்க. திங்கக்கிழமை மூடியிருக்கும், பாத்துக்குங்க. என் பையன் அங்கேர்ந்து கெளம்ப மாட்டேன்னுட்டான்.

காசு கொடுக்கணும்னா ஆர்க்கிட் கார்டனுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரங்களுக்கு 5 வெள்ளி, நமக்கு 15 வெள்ளி, எல்லாம் சிங்கப்பூர் காசு, 12 வயசுக்குள்ள ஃப்ரீ, வயசானவங்களுக்கு சலுகை இருக்கு. நாங்க போகல. பூ பித்து உள்ளவங்க கண்டிப்பா போகலாம், சிங்கப்பூரோட தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம் பேரே நிறைய பேருக்கு ஆசை காட்டும். ஆனா பட்ஜெட்னு வந்தவங்களுக்கு அது இல்லாமலே நாள் பத்தாது, அதுதான் என் கருத்து. 6 ஹெக்டேர்ல ஒரு மழைக்காடு அப்படியே விட்டு வச்சிருக்காங்க, தோட்டம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த காடு, பலகை நடைபாதைல நடந்தா வெயிலே தெரியல. அப்புறம் 5 வெள்ளி நோட்டுக்குப் பின்னாடி இருக்கிற தெம்புசு மரம், ஒரு கிளை தரையோட படுத்த மாதிரி நீண்டு போகுது, நோட்ட கையில வச்சிக்கிட்டு பாத்தா அதே கிளை. சுத்தி வேலி போட்டுருக்காங்க, ஏற முடியாது.

இப்ப நான் இத எழுத உக்காந்த காரணத்துக்கு வர்றேன். எங்கம்மா பத்து வயசுலேர்ந்து எஸ்டேட்டுல கித்தா மரம், அதான் ரப்பர் மரம், சீவுனவங்க. எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடான லயத்துலதான் நாங்க பொறந்ததே. பொட்டானிக் கார்டனோட டாங்ளின் பக்கம் ஹோல்ட்டம் ஹால்னு ஒரு பழைய கட்டடத்துல சின்ன மியூசியம் இருக்கு, அனுமதி இலவசம், ஏசிக்காக கொஞ்சம் உக்காரலாம்னுதான் உள்ள போனோம். அங்க ரப்பர் கதை. 1877ல இலண்டன் கியூ தோட்டத்துலேர்ந்து 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்துச்சாம், நம்ம நாட்டு ரப்பர் தோட்டம் எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுலேர்ந்துதான். 1888ல இந்த பொட்டானிக் கார்டனுக்கு டைரக்டரா வந்த ரிட்லி, மரத்தக் கோடாலில வெட்டிக் கெடுக்காம அதே வெட்டுல பட்டைய மட்டும் மெல்லிசா சீவி சீவி பால் எடுக்கலாம்னு கண்டுபிடிச்சவரு, ரப்பர் போடுங்க போடுங்கன்னு எஸ்டேட் முதலாளிங்கள விடாமப் பிடிச்சதுல அவர பைத்தியக்கார ரிட்லின்னே கூப்பிட்டிருக்காங்க.

நான் படிச்சு சொல்லச் சொல்ல அம்மா மீன்முள் மாதிரி வெட்டு போட்ட மரத்துப் படத்துக்கு முன்னாடி போய் நின்னுட்டாங்க. வலது கைய உளி பிடிக்கிற மாதிரி மடக்கி, மேல இடது பக்கத்துலேர்ந்து கீழ வலது பக்கமா காத்துல ஒரு இழுப்பு. "இப்படிச் சாய்ச்சுத்தான் இழுக்கணும்யா, கட்டை மேல பட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம், கங்காணி உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு"ன்னு பேரன்கிட்ட சொன்னாங்க. அவன் திருப்பி செஞ்சு காட்டுனான், அவங்க அவன் மணிக்கட்ட பிடிச்சு கொஞ்சம் சாய்ச்சு விட்டாங்க. விடியக்காலைல குளிர்ல ஏன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணுறதுக்கு) எழுப்புவாங்கன்னு கேட்டான், வெயில் ஏறுனா பால் வர்றது நின்னுரும்னு சொன்னாங்க. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. அம்மா ஆயுசெல்லாம் செஞ்ச வேலைய எங்க வீட்டுப் பிள்ளை ஒரு மியூசியத்துல நின்னு கத்துக்கிட்டான்.

சாப்பாட்டுக்கு புளிச்சோறும் முட்டையும் கட்டிட்டு போய் புல்தரையில பாய் விரிச்சு சாப்பிட்டோம், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, நிறைய குடும்பம் அப்படித்தான் உக்காந்திருக்காங்க. கட்டிட்டு போக முடியலன்னா ஸ்டேசன் பக்கத்துல நடக்குற தூரத்துல ஆடம் ரோட் ஃபுட் சென்டர் இருக்கு, வெளியிலேயே அங்க பசியாறிட்டு உள்ள வாங்க. குடையும் கொசு மருந்தும் கண்டிப்பா எடுத்துக்குங்க, மத்தியானத்துக்கு மேல மழை கொட்டிருச்சு, இடி இடிக்கிறப்ப மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு ஓடி வந்து கூரைக்குள்ள ஒதுங்கினோம், அரை மணி நேரம் போச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், வீட்டுல ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்ச பெரியவங்க இருந்தா அந்த மியூசியத்த எங்கள மாதிரி கடைசில வைக்காதீங்க. 6 மணிக்கு மூடிருவாங்க, அம்மா இன்னும் அந்தப் படத்த விட்டு நகரவே இல்ல.