எட்டரை இலட்சம் போச்சு: "டிகிரி இல்லாட்டியும் டொக்டராகலாம்" எண்டு சொல்லுற ஏஜென்சிகளிட்ட கவனம்

வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் ஏ9 ரோட்டுக் கரையில மாடிப்படி ஏறிப் போற சின்னச் சின்ன ஓபிசுகள் இருக்கு. "வெளிநாட்டில மருத்துவப் படிப்பு, டிகிரி தேவையில்லை, வயதெல்லை இல்லை" எண்டு பெரிய பனர் தொங்கும். பேர் சொல்லேல்லை. பேர் போட்டா மானநட்ட வழக்குப் போடுவினமாம், அதை மட்டும் தெளிவாச் சொல்லிப்போட்டினம். அப்பிடி ஒரு இடத்தில மூண்டு குடும்பம் காசு குடுத்திட்டு நிக்குது. எங்கட வீட்டில படிக்கப் போக இருந்த ஆளுக்காகப் போனது 8,50,000 ரூபா.

அது ஒரேயடியாப் போகேல்லை. பதிவுக் கட்டணம் 25,000. "சீட் புக்கிங்" 1,50,000. மொழிபெயர்ப்பு, அத்தாட்சிப்படுத்தல் எண்டு 75,000. கடைசியா முதல் வருசப் படிப்புக் காசின்ர முற்பணம் 6,00,000. ஒவ்வொருக்காலும் கேக்கேக்க "இதோட அலுவல் முடிஞ்சுது" எண்டுதான் சொல்லுவினம். அந்த 75,000ஐப் பாத்தாத்தான் கூட வயித்தெரிச்சல். பரீட்சைத் திணைக்களத்திட்ட பெறுபேற்றை உறுதிப்படுத்தி எடுக்கிறதும், வெளிவிவகார அமைச்சின்ர கொன்சியூலர் முத்திரையும் நாங்களே எடுக்கக்கூடிய விசயம். யாழ்ப்பாணத்திலயே கொன்சியூலர் பிரிவுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கு, கொழும்புக்குப் போகவும் தேவையில்லை. கட்டணமும் இதுக்குக் கிட்டவும் வராது.

ஆளைப் பிடிக்கிறது முதல் சந்திப்பில. மேசைக்கு அங்கால இருக்கிற பிள்ளை முதல்ல சேட்டிபிகேட்டைக் கேக்காது. "அக்கா, 2009ல எங்க இருந்தனீங்கள்?" எண்டுதான் கேக்கும். பதிலைக் கேட்டுக்கொண்டு பேனையைக் கீழ வைச்சிடும். "அப்ப சோதினை எழுதேலாமப் போனது உங்கட பிழையே அக்கா? சண்டையால படிப்பை விட்டவைக்கு அந்த நாட்டு அரசாங்கம் தனி ஒதுக்கீடு வைச்சிருக்கு. எங்கட ஆக்கள் கனபேருக்குத் தெரியாது." பிறகு விதானையாரின்ர கடிதம், இடம்பெயர்ந்த விபரம், மனிக்பாம் முகாமில தந்த பதிவு அட்டை எல்லாத்தையும் கேட்டு வாங்கும். மடிப்பில கிழிஞ்சு ரேப் ஒட்டி, அலுமாரிக்குள்ள இவ்வளவு காலமும் கிடந்த அட்டை. அதை ரெண்டு கையாலயும் தூக்கி, கண்ணாடியில நெளியாமல் வைச்சு போட்டோக்கொப்பி எடுத்து, பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டு நம்பர் ஒட்டினா ஆர்தான் நம்பாயினம்?

ஒதுக்கீடு எண்ட சொல்லை அவை சும்மா எடுக்கேல்லை. எங்கட ஆக்களுக்கு அது தெரிஞ்ச சொல். அரச பல்கலைக்கழக அனுமதியில 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் 16க்குள்ள வருது. அதால "வெளிநாட்டிலயும் ஒரு ஒதுக்கீடு" எண்டு சொன்னா காதுக்குப் புதுசாப் படாது. உள்ளூரில வயசு வந்தவைக்கு மருத்துவ பீடத்துக்கெண்டு தனி வாசல் இல்லை எண்டதும் அவைக்கு வடிவாத் தெரியும். ஏ.எல். (உயர்தரச் சோதினை) மூண்டு தரம் எழுதலாம், அதில எடுக்கிற இசட் புள்ளியை வைச்சுத்தான் தெரிவு, அவ்வளவுதான். அந்தக் கதவு பூட்டின ஆக்களாப் பாத்துத்தான் தேடுகினம்.

முதல்ல காட்டினது லண்டன், நாலு வருசக் கோர்ஸ். அங்க நாலு வருசத்தில முடிக்கிற மருத்துவப் படிப்பு ஏற்கெனவே டிகிரி முடிச்சவைக்கு உரியது. டிகிரி இல்லாத வயசு வந்தவை போறதெண்டா, ஒரு வருச அக்செஸ் டிப்ளோமா (வயசு வந்தவைக்கான பல்கலைக்கழக நுழைவுப் படிப்பு) செய்து, யூகாட் எண்ட மருத்துவ நுழைவுச் சோதினை எழுதி, ஐஞ்சு வருசப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேணும். அந்த டிப்ளோமாவை எல்லா மருத்துவக் கல்லூரியும் ஏற்கிறதும் இல்லை. ஒரு வருசம் செப்டெம்பரில தொடங்கிற மருத்துவப் படிப்புக்கு விண்ணப்ப முடிவுத் திகதி அதுக்கு முந்தின வருசம் ஒக்டோபர் 15, நாலு இடத்துக்கு மேல தெரிய ஏலாது. இவை மாசி மாசத்தில காசு வாங்கிக்கொண்டு "வாற செப்டெம்பர் இன்டேக்" எண்டவை. அந்தத் திகதி ஒண்டே போதும், பொய் எண்டு காட்ட. பிறகு "லண்டன் சீட் முடிஞ்சுது, இது அதைவிட நல்லது" எண்டு பழைய சோவியத் பக்க நாடொண்டுக்கு மாத்திச்சினம். காசு மட்டும் மாறேல்லை.

அங்க ஆறு வருசம். ஆங்கிலத்தில எண்டு சொல்லுவினம். கன இடங்களில முதல் மூண்டு வருசம்தான் ஆங்கிலம், வாட்டுக்குப் போனா நோயாளியோட ரஷ்ய மொழியிலதான் கதைக்க வேணும். எங்கட ஆளுக்கு ஏ.எல். பயோ சண்டையோட நிண்டுபோச்சு, பிறகு எழுதினது கலைப் பாடங்கள். "பவுண்டேசன் (ஆயத்தப் படிப்பு) ஒரு வருசம் செய்தா ஏ.எல். பயோவுக்குச் சமன்" எண்டவை. மற்றக் குடும்பமொண்டில நேர்சிங் டிப்ளோமா முடிச்ச ஒருத்தருக்கு "நேர இரண்டாம் வருசம்" எண்டவை.

இதுக்குள்ளதான் முழு ஏமாத்தும் இருக்கு. ஒரு பல்கலைக்கழகம் சேர்க்கிறது வேற, இலங்கை மருத்துவ சபை பதியிறது வேற. பவுண்டேசனைப் பாத்து வெளிநாட்டில ஒரு இடம் உண்மையாவே சேர்க்கலாம். ஆனா திரும்பி வந்து இங்க ஈ.ஆர்.பி.எம். சோதினை (வெளிநாட்டில படிச்சவை டொக்டராப் பதிய எழுதிற சோதினை) எழுதுறதெண்டா, அந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்றிருக்க வேணும், உங்கட நுழைவுத் தகைமையும் சபை கேக்கிறதுக்குள்ள நிக்க வேணும். எந்தப் பாடத்தில எந்தச் சித்தி வேணும் எண்டு சபை எழுத்தில வைச்சிருக்கு. ஏஜென்சி விக்கிறது முதல் கதவை மட்டும். ரெண்டாவதைப் பற்றிக் கேட்டா "டபிள்யூ.எச்.ஓ. அங்கீகாரம் இருக்கு" எண்டு வாயை அடைப்பினம். உலக சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் குடுக்கிற வேலையே செய்யிறேல்லை. உலக மருத்துவக் கல்லூரிகளின்ர விபரக்கொத்தில பேர் இருக்கெண்டு போனில காட்டுவினம். அதில பேர் இருந்தா அங்கீகாரம் எண்டு அர்த்தமில்லை எண்டு அந்தக் கொத்திலயே எழுதியிருக்கு.

வயசுக் கணக்கையும் ஒருத்தரும் சொல்லேல்லை. 35 வயசில பவுண்டேசன் ஒண்டு, படிப்பு ஆறு, உள்ளகப் பயிற்சி ஒண்டு எண்டா 43. சோதினைக்குக் காத்திருக்கிற காலம் அதுக்குப் புறம்பு.

அனுமதிக் கடிதம் எண்டு தந்ததைச் சொல்ல வேணும். மூண்டு குடும்பத்தின்ர கடிதங்களையும் யன்னல் வெளிச்சத்தில ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுப் பாத்தம். நீல முத்திரை மூண்டிலயும் ஒரே சரிவு, வட்டத்தின்ர கீழ்ப்பக்கத்தில மை பிடிக்காத இடம் மூண்டிலயும் ஒரே இடம். கையால குத்தின முத்திரை அப்பிடி விழாது. கடித இலக்கமும் மூண்டுக்கும் ஒண்டு! பல்கலைக்கழகத்தின்ர இணையத்தளத்தில இருந்த அனுமதிப் பிரிவின்ர மின்னஞ்சலுக்கு எழுதினம். பதில் ரெண்டு வரி. இந்தப் பேரில விண்ணப்பம் இல்லை, நீங்கள் சொல்லுற ஒதுக்கீடும் எங்களிட்ட இல்லை.

அதுக்குப் பிறகுதான் இழுத்தடிப்பு. "கொழும்பு ஓபிஸ் பாக்குது." "எம்பசி லீவு." "அக்காவின்ர வயசில ஒரு கேள்வி வந்திட்டு, கிளியரன்சுக்கு இன்னும் ஒரு இலட்சம் கட்டினா முடிச்சிடலாம்." எட்டரை இலட்சம் வாங்கின வாயால இன்னும் ஒண்டு கேக்கினம், பாத்தீங்களே. காசைத் திருப்பிக் கேட்ட உடன அந்த அக்கா எண்ட கதை நிண்டுபோச்சு, "மிஸ்" ஆயிற்று. வட்ஸ்அப்பில நீலச் சரி வந்துகொண்டிருந்தது, பிறகு ஒற்றைச் சரியோட நிண்டுது. நேர போனா "சேர் வெளிநாட்டில."

கடைசியா ரசீதைக் காட்டிக் கையை விரிச்சினம். முன்பக்கத்தில "கல்வி ஆலோசனைச் சேவை" எண்டு இருக்கு, படிப்புக் கட்டணம் எண்ட சொல்லே இல்லை. பின்பக்கத்தில பொடி ஆங்கில எழுத்தில, திருப்பித் தரப்படாது எண்டு. ஆலோசனை சொல்லியாச்சாம், சேவை முடிஞ்சுதாம். அதுவும் 2,50,000க்குத்தான் ரசீது. மற்ற 6,00,000 ஒரு தனி ஆளின்ர வங்கிக் கணக்குக்குப் போனது, கையில இருக்கிறது வங்கித் துண்டு மட்டும். பொலிசில முறைப்பாடு குடுக்கப் போன இடத்தில "இது சிவில் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கோ" எண்டினம். போலிக் கடிதம் காட்டிக் காசு வாங்கினது எப்பிடிச் சிவில்? தண்டனைச் சட்டக்கோவை 398ஆம் பிரிவில ஏமாற்றுதல் எண்டே இருக்கு. அதைச் சொல்லித் திரும்பக் கேட்ட பிறகுதான் எழுதிச்சினம்.

என்ன செய்ய வேணும் எண்டு விரிவா எழுதத்தான் யோசிச்சது, இப்ப மனம் அதில இல்லை. அவசரத்துக்கு இது.

ஒரு ரூபாவும் கட்ட முதல் பல்கலைக்கழகத்தின்ர பேர், நாடு, தொடங்கிற வருசம், உங்கட பெறுபேறு எல்லாம் போட்டு இலங்கை மருத்துவ சபைக்கு எழுதிக் கேளுங்கோ. பதில் எழுத்தில வரட்டும். படிப்புக் காசை வங்கியால நேர பல்கலைக்கழகத்தின்ர கணக்குக்கு அனுப்பலாம், தனி ஆளின்ர கணக்கு இலக்கம் தந்தா எழும்பி வாங்கோ. சுவரில மாட்டியிருக்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு, கடை திறக்க எடுக்கிற பதிவுதான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் வேலைக்கு ஆள் அனுப்பத்தான். பாஸ்போட்டின்ர மூலப்பிரதியைக் குடுத்திட்டு வராதேங்கோ. குடுத்திட்டியள் எண்டா காசைவிட முதல் அதை வாங்குங்கோ.

"கல்வி ஆலோசனைச் சேவை" எண்டு ரசீது வைச்சிருக்கிற வேற ஆக்களும் இருப்பியள். ரெண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கோ, வட்ஸ்அப் கதைகளை அழிக்காதேங்கோ, உங்கட பொலிசில முறைப்பாட்டு இலக்கம் எடுத்திட்டு உள்பெட்டியில எழுதுங்கோ. மூண்டு குடும்பமாப் போனா சிவில் எண்டு அனுப்புகினம், பத்துப் பேர் ஒரே முத்திரையோட போய் நிண்டா என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம்.